போனில் பார்த்த ஓடை

நாலு வருடமாக இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை நான் பார்த்தது ஒரு குசினியின் பின்வாசலில் நின்றுகொண்டுதான்.

பாரிஸில், லா சப்பலில் நான் சமைக்கிற உணவகத்தில் மத்தியானக் கூட்டம் மூன்று மணியளவில் அடங்கும். பின்னேர வேலைக்கு ஐந்தரை மணிக்கு அடுப்புக்குத் திரும்ப வேண்டும். இடையில் வெங்காய மூட்டைகளும் வெறும் எண்ணெய்த் தகரங்களும் அடுக்கிய சின்ன முற்றத்தில் வந்து நிற்பேன். ஆகஸ்ட் மாதத்தில் சரியாக மூன்றரைக்குப் போன் அடிக்கும். திரையில் முதலில் ஒரு விரல் தெரியும், பிறகு வானம், பிறகு தலைகீழாகச் செம்மறி ஆடுகள். அதற்குப் பிறகுதான் என் இளைய மகளின் முகம் வரும்.

"அப்பா, பாருங்கோ, இது அம்மா ஆடு. இது குட்டி. தெரியுதே?"

"ஓம், வடிவாத் தெரியுது."

பாதி நேரம் ஒன்றும் தெரியாது. படம் உறைந்து பச்சைக் கட்டங்களாக நிற்கும். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். உள்ளேயிருந்து யாராவது "அண்ணை, பருப்பு ஊறப்போட்டாச்சே?" என்று கூப்பிடும்வரை.

மனைவியின் அக்கா இங்கிலாந்தின் தெற்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். அவருடைய கணவர் அங்கே கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மனைவி எங்கள் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அங்கே பத்து நாள் போய் நிற்பாள். அக்கா நல்ல மனுசி. பிள்ளைகள் வருகிறார்கள் என்று லீவு எடுத்து, தினமும் ஒரு இடத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். ஸ்ட்ரோபெரி பிடுங்குகிற தோட்டம், குதிரைக்குட்டிகள் உள்ள பண்ணை, புகை கக்கிக்கொண்டு ஓடும் பழைய ரயில் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று புதிதாக வரும். ஆனால் ஒரு இடம் மட்டும் எல்லா வருடமும் வரும். ஒரு குன்றின் அடியில் ஓடும் சின்ன ஓடை. முழங்கால் அளவுத் தண்ணீர், குறுக்கே ஒரு பலகைப் பாலம், கரையில் ஒரு பெரிய மரம். அந்த மரத்தின் வேர் ஒன்று கதிரை மாதிரி வளைந்து தண்ணீருக்கு மேலே நிற்கும். இளையவள் நாலு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் குந்தியிருந்தாள். ஐந்தில் தனிய இருந்தாள். ஆறில் அதிலிருந்து குதித்தாள். ஏழில் அதன்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தாள். இதெல்லாம் நான் போனில் பார்த்தவை.

நான் ஏன் கூடப் போகவில்லை என்று கேட்டால் பதில் ஒரே சொல்தான். பேப்பர். லா சப்பலில் அதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார்கள். மனைவி பள்ளிக்கூடச் சாப்பாட்டுச்சாலையில் வேலை செய்கிறாள், பிரெஞ்சு நன்றாகக் கதைப்பாள், குடியுரிமை எடுத்துவிட்டாள். பிள்ளைகள் அவளோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரர் ஆனார்கள். நான் மொழிப் பரீட்சைக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தவறினேன். குசினியில் காலை பத்திலிருந்து இரவுவரை தமிழ்தான். கழுவுகிற மெஷின்கூடத் தமிழ் விளங்கிக்கொள்ளும் என்று பகிடி விடுவோம். ஆகவே நான் இன்னமும் அகதிப் பயணப் புத்தகத்தோடுதான் இருக்கிறேன். அதை வைத்து ஜெர்மனிக்குப் போகலாம், இத்தாலிக்குப் போகலாம். இங்கிலாந்துக்கு மட்டும் விசா வேண்டும்.

முதல் தரம் விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். பிழை என்னுடையதுதான். சம்பளச் சீட்டில் என் பெயர் முன்னாலும் அப்பாவின் பெயர் பின்னாலும் இருக்கிறது; வீட்டு வாடகைப் பத்திரத்தில் அது மாறிக் கிடக்கிறது. நான் பார்க்காமலே இரண்டையும் வைத்து அனுப்பிவிட்டேன். பிறகு அதைத் திருத்த ஓடிய ஓட்டத்தில் ஒரு வருடம் போனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் போடவே இல்லை. எரிச்சலில் விட்டுவிட்டேன். கோடை வந்தால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயிலுக்கு ஏறும் மாடிவரை போவேன். அங்கே ஒரு இடத்துக்கு மேல் பயணிகள் மட்டும்தான். கை காட்டிவிட்டு, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து வேலைக்கு வந்துவிடுவேன்.

இந்த வருடம் மே மாதத்தில் விசா கிடைத்தது. ஆறு மாதம். முதலாளி ஆகஸ்டில் ஐந்து நாள் லீவு தந்தார். இந்தமுறை எல்லாருக்கும் பயணம் அந்த ஐந்து நாள்தான்.

எனக்கு இருந்த புளுகத்தை, அந்தச் சந்தோசத்தை, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெள்ளை நிறத்தில் புதுச் சப்பாத்து வாங்கினேன். புறப்படுவதற்கு முதல்நாள் குசினியில் நின்று நாற்பது மட்டன் ரோல்ஸ் உருட்டிப் பொரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூத்த மகளுக்குப் பதினாலு வயது. மேசையில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, போனில் எதையோ தட்டி வாசித்தாள்.

"இறைச்சி கொண்டுபோக ஏலாது அப்பா. இப்ப இங்கிலாந்துக்குள்ளை விடமாட்டினம்."

"ரோல்ஸுக்குள்ளை இருக்கிறதை ஆர் பாக்கப்போயினம்?"

"இதுக்குத்தான் உங்களோடை ஒரு இடமும்…" என்று தொடங்கியவள் மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னாள். தாய் அவளைப் பார்த்தாள். அவள் நிறுத்திக்கொண்டாள். நான் ரோல்ஸைச் சார்செலில் எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்குப் பங்கு போட்டுவிட்டு, இரவோடு இரவாக மீன் கட்லட் போட்டேன்.

போன அன்றைக்கு மழை. அடுத்த நாளும் மழை. அக்காவின் வீட்டு முன்னறையில் இருந்து கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் லீவில் பயணத்துக்கு இரண்டு நாள், மழைக்கு ஒரு நாள். அக்காவுக்கு மூன்றாம் நாள் வேலை, அன்றைக்கும் தூறல். மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. காலையில் எழும்பிப் பார்த்தால் மழை விட்டிருந்தது.

காலைச் சாப்பாட்டில் அக்கா சொன்னார், "தம்பி, பழைய காலத்துப் பிரபு வீடொண்டு இருக்கு. பெரிய தோட்டம், வாத்துக் குளம், உள்ளுக்கை கபேயும் இருக்கு. மழை வந்தாலும் ஒதுங்கலாம். அங்கை போவமே?"

"அக்கா, ஓடைக்குப் போவம்."

"ரெண்டு நாள் மழை, தம்பி. பாதையெல்லாம் சேறாக் கிடக்கும்."

மூத்தவள் கோப்பையிலிருந்து தலையை எடுத்தாள். "திரும்பவும் ஓடையே? நான் என்ன சின்னப்பிள்ளையே?"

நான் சொன்னேன், "நீங்கள் எல்லாரும் நாலு தரம் பாத்திட்டியள். நான் ஒருக்காலும் பாக்கேல்லை."

அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அக்கா எழுந்து கார்ச் சாவியைத் தேடினார்.

வாசலில் அக்கா தன் கணவரின் ரப்பர் சப்பாத்தைக் கொண்டுவந்து வைத்தார். காலை விட்டுப் பார்த்தேன், விரல் மடங்கியது. வேண்டாம் என்று என் வெள்ளைச் சப்பாத்தையே போட்டேன். மற்ற நாலு பேரின் கால்களிலும் முழங்கால்வரை ரப்பர். ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டில் ஒரு சோடி இருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே, வரிசையாக. இளையவளுடையதில் தவளைப் படம். அந்த வரிசையை நான் போனில் ஒருநாளும் கண்டதில்லை.

காரை ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினோம். முதல் வயலின் ஓரத்திலேயே வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருந்தார்கள். இளையவள் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்றாள்.

"அப்பா, இதுக்கு இங்கிலீஷிலை ஸ்டைல் எண்டு பேர். முதல் இந்தக் காலை வைக்கவேணும், பிறகு இதைப் பிடிக்கவேணும். பாருங்கோ."

"இதுக்குத் தமிழிலை கடப்பு எண்டு சொல்லுறது."

"கடப்பு," என்றாள் அவள், குதித்து மறுபக்கம் போய்விட்டாள். எனக்கு அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. அன்றைக்கு நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது கடப்பில் பலகை வழுக்கியது. விழாமல் இருக்க வேலியோரத்துச் செடியைப் பிடித்தேன். அது காஞ்சோண்டி. உள்ளங்கை முழுக்கச் சுணைத்தது. மூத்தவள் குனிந்து ஒரு அகலமான இலையைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள்.

"இதை உரஞ்சுங்கோ. எரிவு போகும்."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

எனக்குத் தெரியாது. அவளுக்கு அது தெரிந்திருந்ததுதான் எனக்குச் சுணைத்தது. பாதையில் எந்தக் கதவைத் திறந்தால் திரும்பச் சாத்தவேண்டும், எங்கே ஓரமாக நடக்கவேண்டும், சேற்றில் எந்தப் பக்கம் கால் வைத்தால் புதையாது என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள். நான் முன்னுக்குப் போனால் "அங்காலை இல்லை, இஞ்சாலை" என்றார்கள். பின்னுக்கு நின்றால் "கெதியா வாங்கோ" என்றார்கள். மூன்று வயல் தாண்டுவதற்குள் என் வெள்ளைச் சப்பாத்து கறுத்துக் கனத்துவிட்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிற தகப்பனாக நான் என்னை நினைத்து வைத்திருந்தேன். அங்கே அவர்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நாலாவது வயலில் மாடுகள் நின்றன. பதினைந்து இருபது இளம் மாடுகள், கறுப்பும் மண்ணிறமும். அக்காவும் மனைவியும் பின்னால் இளையவளின் சப்பாத்துக்குள் போன சேற்றைத் தட்டிக்கொண்டு வேலியடியில் நின்றார்கள். நானும் மூத்தவளும்தான் வயலுக்குள் வந்திருந்தோம். மாடுகள் எங்களைக் கண்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்து வரத் தொடங்கின.

"அப்பா, ஓரத்தாலை மெதுவா நடப்பம். ஓடக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. பெரியம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"மாட்டைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை."

ஊரில் எங்கள் வீட்டில் மாடு இருந்தது. மாட்டைத் துரத்தத் தெரியாதவன் அங்கே இல்லை. நான் குடையை விரித்து ஆட்டி, "ஹேய்! ஹேய்!" என்று கத்திக்கொண்டு அவற்றுக்கு நேரே போனேன். அவை கலைந்தன. ஆனால் நான் நினைத்த மாதிரி விலகிப் போகவில்லை. வயலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, இன்னும் வேகமாகத் திரும்பி வந்து, எங்களைச் சுற்றி நின்று மூச்சுவிட்டன. ஒன்று பின்னங்காலைத் தூக்கித் துள்ளியது. நான் திரும்பக் கத்தினேன். அவை திரும்ப ஓடின. வயலின் மறுமுனையால் ஒரு ஆணும் பெண்ணும் நாயோடு வந்துகொண்டிருந்தார்கள். மாடுகள் இப்போது அந்தப் பக்கம் திரும்பின. நாய் குரைத்தது. அந்த ஆள் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து உரத்து ஏதோ சொன்னார்.

எனக்கு இங்கிலீஷ் பத்துச் சொல்தான் தெரியும். மூத்தவள் என்னைத் தாண்டி அவர்களிடம் போனாள். ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தவை இரண்டு சொல்: "சொறி", "டாட்". அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை உயர்த்தினாள். சின்னப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி எனக்குப் பட்டது.

மூத்தவள் திரும்பி வந்ததும் நான் கத்தினேன். மாட்டுக்குக் கத்தியதைவிட உரத்துக் கத்தினேன்.

"ஆருக்காக மன்னிப்புக் கேட்டனீ? எனக்காகவோ? கண்டவங்களுக்கு முன்னாலை என்னை விட்டுக்குடுக்கிறியே?"

"அப்பா, கத்தாதேங்கோ. அவை பாக்கினம்."

"பாக்கட்டும்! இங்கிலீஷ் தெரிஞ்சால் பெரிய ஆளே? அப்பனுக்குச் சொல்லித்தரப் பழகிட்டியே?"

அவள் முகம் சிவந்தது. முதலில் பிரெஞ்சில் தொடங்கினாள். பிறகு, எனக்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்றோ என்னவோ, தமிழுக்கு மாறினாள்.

"உங்களுக்கு இஞ்சை ஒண்டும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் நாலு வருசம் நீங்கள் இல்லாமல்தான் வந்தனாங்கள். நல்லாத்தான் இருந்தது."

நான் குடையை மடக்கினேன். அந்த ஆளும் பெண்ணும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். வேலியடியில் நின்ற இளையவள் அழத் தொடங்கியிருந்தாள். மாடுகள் அதற்குள் எங்களில் அலுத்துப்போய்ப் புல் மேய்ந்தன.

அந்த வயல் முடிய, குன்றின் சரிவால் கீழே இறங்கினோம். இந்த ஓடையையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தது எனக்கு. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாதை ஒரு வளைவில் திரும்பியது. அங்கே குறுக்கே தோடம்பழ ஒரேஞ்ச் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வலை கட்டி, அதில் ஒரு அறிவித்தலும் தொங்கவிட்டிருந்தார்கள். அக்கா கிட்டப் போய் வாசித்தார்.

"பலகைப் பாலம் உக்கிப் போச்சாம் தம்பி. பாதையைப் பூட்டியிருக்கினம்."

"பாலம் தேவையில்லை. இஞ்சாலைக் கரையிலை நிண்டு பாத்தால் போதும்."

"கரையும் இடிஞ்சு கிடக்காம். ஒருத்தரும் போகக்கூடாதாம்."

வலைக்கு அப்பால் மரத்தின் மேற்கொப்புகள் தெரிந்தன. ஒரு நாற்பது அடி இருக்கும். வேரும் தண்ணீரும் மேட்டுக்கு அந்தப் பக்கம். நான் வலையின் அடியைப் பிடித்துத் தூக்கினேன். குனிந்தால் போய்விடலாம். ஒரு ஆட்டுக்குட்டிகூடப் போகும்.

மனைவி என் கையைப் பிடித்தாள். "விடுங்கோ. எவ்வளவு கஷ்டப்பட்டு விசா எடுத்து வந்திருக்கிறியள். ஆராவது பாத்து ஒண்டு சொன்னால் பிறகு?"

அங்கே எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் வலையை விட்டேன். இருபது வருடமாக அந்தப் பயத்தோடுதான் சீவிக்கிறேன், அது கையை விட்டுப் போகாது. போனைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். அதில் வலையும் கொப்பும்தான் விழுந்தன. அது இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த ஓடையின் படங்கள் எல்லாவற்றிலும் மோசமானது அதுதான்.

சுற்றுவழியால் போனால் மறுகரைக்குப் போகலாம், மூன்று மைல் என்றார் அக்கா. இளையவள் தாயின் மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். திரும்பி நடந்தோம். மாட்டு வயலை ஓரத்தால், மெதுவாக, கையை ஆட்டாமல் கடந்தோம். ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குள் இருந்த பப்பில் பிள்ளைகள் எல்லா வருடமும் சிப்ஸ் சாப்பிடுவார்களாம். போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால். குசினி இரண்டரைக்குப் பூட்டியாயிற்று என்றாள் வாசலில் நின்ற பெண். அவளோடு எனக்குக் கோபம் வரவில்லை. அடுப்பை அணைத்த பிறகு வந்து கேட்டவர்களை நான் எத்தனை தரம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திரும்பவும் மழை பிடித்தது. காருக்குள் இருந்து மீன் கட்லட் சாப்பிட்டோம். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேரின் ஈர உடுப்பு மணமும் மீன் மணமும். இளையவள் மூன்று சாப்பிட்டாள். மூத்தவள் பெட்டியைத் தொடவே இல்லை, காதுக்குள் இயர்போனை வைத்துக்கொண்டு பக்கக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தாள்.

பின்னேரம் அக்கா வீட்டின் பின்பக்கக் குழாயடியில் நின்று என் சப்பாத்தைக் கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் தையல்களுக்குள் போன சேறு வரவில்லை. மனைவி வந்து கதவு நிலையோடு நின்றாள்.

"பிள்ளையை என்னத்துக்கு அப்பிடிப் பேசினனீங்கள்?"

"அவள் என்னைப் பேசினதை நீர் கேக்கேல்லையே?"

"அவளுக்குப் பதினாலு வயசு."

"எனக்கு?"

"உங்களுக்கு நாப்பத்தேழு," என்றாள். சிரிக்கவில்லை.

நான் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன், "நல்லாத்தான் இருந்ததாம், நான் இல்லாமல். நாலு வருசம் நீங்கள் எல்லாரும் இஞ்சை சந்தோசமா இருந்திருக்கிறியள். நான் அங்கை வெங்காய மூட்டைக்குப் பக்கத்திலை நிண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு."

அவள் பேசியபோது குரலில் அலுப்பு இருந்தது. அழுகை இல்லை, வெறும் அலுப்பு.

"அப்பிடியே நினைச்சியள்? உங்கடை மூண்டரைக்கு இஞ்சை ரெண்டரை. ஒவ்வொரு நாளும் ரெண்டு மணி எண்டால் எனக்குப் பதகளிக்கத் தொடங்கிடும். எங்கை சிக்னல் இருக்கெண்டு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு குன்றெல்லாம் ஏறினனாங்கள். ஓடையடியிலை சிக்னல் இல்லை, தெரியுமே? அங்கை சின்னவளை இருத்தி வீடியோ எடுத்து, மேட்டுக்கு ஏறி உங்களுக்கு அனுப்பிப்போட்டு, திரும்ப இறங்குவன். அவள் தண்ணிக்குள்ளை விளையாடிக்கொண்டிருப்பாள், பெரியவள்தான் பாத்துக்கொள்ளுவாள். மூண்டு நிமிசம் பிந்தினால் நீங்கள் முகத்தை நீட்டிக்கொண்டு நிப்பியள். பெரியவள் கேப்பாள், ஒரு நாளைக்கு மட்டும் அப்பாவுக்குப் போன் எடுக்காமல் இருப்பமே எண்டு. நான் விடேல்லை."

"நீர் இதை எனக்குச் சொல்லேல்லையே."

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் அதைத்தானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

உள்ளே அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். மனைவி போய்விட்டாள். எனக்கு யாரோடு கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர்களுடைய நாலு கோடையின் நடுவிலும், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்தை நான் பாரிஸிலிருந்து பிடித்து வைத்திருந்தேன். அதைக்கூட எனக்குத் தந்த பிச்சை மாதிரித்தான் நான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் திரும்பினோம். பயணம் முழுக்க மூத்தவள் எனக்கு எதிரே இருந்தாள், காதில் இயர்போனோடு. கார் து நோரில் இறங்கி, பெட்டிகளை உருட்டிக்கொண்டு நிலத்துக்குக் கீழே சார்செல் போகும் டி லைன் மேடைக்குப் போனோம். ரயில் பிந்தியது. எத்தனை நிமிடம் என்று பலகை சொல்லவில்லை. மனைவியும் இளையவளும் பெட்டிமேல் குந்திவிட்டார்கள். நான் மூத்தவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நேற்றுக் கத்தினது பிழை," என்றேன்.

அவள் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "என்ன?"

எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. "கத்தினது பிழை. ஆனால் நீயும் அந்த ஆக்களிட்டை எனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கத் தேவையில்லை."

"நான் உங்களுக்காகக் கேக்கேல்லை. நாய் பயந்து போச்சு, அதுக்குச் சொறி சொன்னனான்."

"அப்ப 'டாட்' எண்டும் சொன்னியே? என்னத்தைச் சொன்னனீ?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "அந்த ஆள் கேட்டவர், உதவி வேணுமோ எண்டு. வேண்டாம், அப்பாவுக்கு மாடு பழக்கம், சின்னனிலை வீட்டிலை மாடு இருந்தது எண்டு சொன்னனான்."

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ரயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், பிந்தி வந்த ரயில், மேடையில் நின்ற அவ்வளவு பேரும் ஒரே கதவுக்குள் நெரிந்தார்கள். பெட்டிகளோடு நான் கதவடியில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் மூவரும் உள்ளே தள்ளுப்பட்டுப் போனார்கள். சார்செல் வரும்வரை ஆட்களின் தோள்களுக்கு நடுவே அவளுடைய முதுகுப்பையின் ஒரு பட்டிதான் எனக்குத் தெரிந்தது. இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருந்தது. பிறகு வீடு, குளிப்பு, சாப்பாடு. மறுநாள் காலை பத்துக்கு நான் குசினியில் நின்றேன். பொடியங்கள் கேட்டார்கள், "அண்ணை, இங்கிலாந்து எப்பிடி?" நல்லாயிருந்தது என்றேன்.

ஒக்டோபரில் அக்கா போன் எடுத்து, பாலத்தைத் திருத்திவிட்டார்கள், பாதையும் திறந்தாயிற்று என்றார். பிள்ளைகளுக்கும் அப்போது பள்ளிக்கூட லீவு. ஆனால் அது தீபாவளி வாரம். லா சப்பலில் அந்த வாரத்தில் ஒரு சமையல்காரன் லீவு கேட்டால் முதலாளி சிரிப்பார். நான் கேட்டேன். அவர் சிரித்தார். விசா நவம்பரில் முடிந்தது.

முடிந்த அன்றைக்கு வேலையால் வந்து மூத்தவளிடம் அதைச் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. மேசையில் கொப்பிகளைப் பரப்பி வைத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"திருப்பிப் போடுங்கோ," என்றாள் தலையை எடுக்காமல். கொஞ்சம் பொறுத்து, "இந்தமுறை அனுப்பமுதல் எல்லாப் பேப்பரையும் எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

எனக்குத் திரும்பவும் சுருக்கென்றது. ஓம் என்றேன்.